கப்பலில் நான் விட்டுக்கொடுத்த இடம்

ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. கூவல் நின்றால் பக்கத்தில் விழும். நிற்கிறது.

"படுங்கோ! படுங்கோ!"

யாரோ கத்துகிறார்கள். பங்கர் குழிக்குள் மகன் சாமுவேலின் மேல் கவிழ்கிறேன். மண் கொட்டுகிறது. அவனுக்கு ஏழு வயது. வயிற்றில் ஷெல் துண்டு ஏறி மூன்று நாள். உடம்பு கொதிக்கிறது.

வன்னிக் கடற்கரை. போரின் கடைசி மாதங்கள். மருந்து இல்லை. எண்ணெய் பூசி ஜெபித்தால் நோயாளி எழும்புவான் என்று வேதத்தில் இருக்கிறது. போத்தலின் அடியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் இருந்தது. பூசினேன். விடியக்காலை காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டான். அதட்டித்தான் கேட்டான்.

அன்று காயக்காரரை ஏற்றக் கப்பல் வந்தது. சாமுவேலுக்கும் எனக்கும் சீட்டு எழுதித் தந்திருந்தார்கள். கால் போன ஒரு பிள்ளையின் தாயிடம் அதைக் கொடுத்துவிட்டேன். சுகம் கிடைத்த பிறகும் கப்பல் ஏறினால் விசுவாசக் குறைவு என்று நினைத்தேன். இரக்கமும் இருந்தது. பெருமையும் இருந்தது. மறைக்க மாட்டேன்.

மறுநாள் வயிறு வீங்கியது. வேறு கப்பல் வரவில்லை. அதற்கடுத்த நாள் பேச்சு நின்றது. எண்ணெய் முடிந்துவிட்டது. ஜெபத்தை நான் நிறுத்தவில்லை.

இப்போது பினாங்கில் இருக்கிறேன். பாயான் பாரு அடுக்குமாடியில் ஞாயிறு மாலை ஜெபக்கூட்டம். போன வாரம் பக்கத்து வீட்டு கிரேஸ் மகளை மடியில் வைத்துக்கொண்டு சாட்சி சொன்னாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. திங்கட்கிழமை அட்மிட் பண்ணச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சுக்கா. கர்த்தர் சுகம் கொடுத்துட்டாரு. இனி ஹாஸ்பிட்டல் எல்லாம் வேணாம்லா."

எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ! காய்ச்சல் விட்டால் சுகம் எண்டு ஆர் சொன்னது? கொண்டு போ!"

போதகர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கிரேஸ் அழுதாள். என் மேல் கோபம்தான். ஆனாலும் திங்கட்கிழமை பிள்ளையைச் சேர்த்தாள். மருந்து ஏறுகிறது. இன்னும் ஒன்றும் சொல்ல முடியாதாம்.

அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்கிறேன். பாதி ஜெபம், பாதி சண்டை. கேட்கிறாரா என்று தெரியவில்லை. பழகிய வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நான் இழந்தவர்கள் மூவர். கணவர், ஷெல்லில். தங்கை, தண்ணீர் எடுக்கப் போன இடத்தில். சாமுவேல், கப்பல் போன மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு.

முதல் இருவரையும் போர் எடுத்தது. சாமுவேலின் இடத்தைக் கர்த்தர் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.