கதையக்காவின் கடைசி வில்லன்

மேடையில் நடுநாயகமாக அமர்ந்திருக்கும் நூலக நிர்வாகி ஐயா அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியவர்களே, முன்வரிசையில் பென்சிலோடு வந்திருக்கும் பிள்ளைகளே, கதையக்காவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நான் பூட்டுக்கடைக்காரன். பத்தாம் வகுப்போடு படிப்பு என்னைக் கைகழுவிவிட்டது. பேச்சில் பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் பொறுக்க வேண்டாம்.

நம் கதையக்கா சனிக்கிழமைதோறும் இந்த நூலகத்துப் பிள்ளைகள் அறையில் கதை எழுத எப்படிச் சொல்லித்தந்தார்? "வீரன் தானா வருவான். முதல்ல வில்லனைச் செய்யுங்க" என்றார். செய்த பிறகும் விடமாட்டார். இவனுக்கு என்ன ஆசை? எதைக் கண்டால் பயம்? அதோடு ஒரு சட்டமும் வைத்திருந்தார்: கடைசிப் பக்கத்துக்கு முன்னால் வில்லன் திருந்த ஒரு வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும்.

என் மகள் செய்த முதல் வில்லன், ஊர்த் தூக்கத்தையெல்லாம் திருடும் குறட்டை அரசன். படித்துவிட்டு, "யாரும்மா இந்தப் படுபாவி?" என்று கேட்டேன். வீடே சிரித்தது. அவன் யாருக்குப் பயப்படுவான் என்று அக்கா கேட்டபோது, "அம்மாவுக்கு" என்றாளாம்.

இரண்டாவதாக இருட்டையே வில்லனாக்கினாள். அன்று முதல் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறாள். "அவனை நான்தானப்பா செஞ்சேன். என்னை என்ன பண்ணுவான்?" என்கிறாள். இதைவிட என்ன படிப்பு வேண்டும்?

பிறகு ஒரு பையன், அழுக்காகிவிடும் என்று புத்தகங்களைப் பூட்டிவைக்கும் வில்லனை எழுதினான். பெயர் போடவில்லை. ஆனாலும் நிர்வாகி ஐயா தன்னை அடையாளம் கண்டுகொண்டார். "பிள்ளைங்க மனசுல விஷம் ஏத்துறீங்க" என்று அந்த அறையைப் பூட்டினார். அக்கா வாசற்படியில் வகுப்பெடுத்தார். வெயில், மழை, இருமல் எதற்கும் நிறுத்தவில்லை.

கடைசியாக அக்காவை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். "தம்பி, ரூமைத் திறந்தாச்சா?"

"இல்லக்கா."

"அப்ப வில்லன்தான் ஜெயிச்சுக்கிட்டு இருக்கான். கதை முடியலப்பா."

அதே நிர்வாகி ஐயா இன்று பெரிய மாலையோடு வந்திருக்கிறார். அக்கா படத்துக்கு மாலை. பிள்ளைகள் அறைக்குப் பூட்டு. இதை மறப்பதற்கா கூடியிருக்கிறோம்? நான் மறக்கப்போவதில்லை ஐயா. தூங்கினாலும் குறட்டையில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

முன்வரிசைப் பிள்ளைகள் இப்போது எழுதும் கதையில் வில்லன் நீங்கள்தான். உங்கள் ஆசை என்ன என்று எழுதிவிட்டார்கள்: சத்தமில்லாத நூலகம். பயம் என்ன என்றும் எழுதிவிட்டார்கள்: அவர்கள்தான். கடைசிப் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. அக்காவின் சட்டப்படி உங்களுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு.

வருகிற சனிக்கிழமை காலை பிள்ளைகள் அறை வாசலில் எல்லோரும் நிற்போம். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் நிற்போம். இது அக்காவுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு. நீங்கள் சாவியோடு வந்தால் கதை ஒரு விதமாக முடியும்.

வராவிட்டாலும் வகுப்பு நடக்கும். அந்தப் பூட்டு என் கடையில் வாங்கியது.