மகன் குடுவைக்கு ஊட்டியது யார்?

— இது இந்நேரம் செத்துக் கிடக்கணும் அத்தை.

— எதும்மா? கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு லேபுக்கு வரச் சொல்லிட்டு, வந்ததும் சாவுப் பேச்சு.

— இந்தக் குடுவையைச் சொல்றேன். கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கியிருக்கு பாருங்க. உள்ள இருக்கற பாக்டீரியா பெருகிடுச்சுன்னு அர்த்தம்.

— மேல என்ன ஒட்டியிருக்க? 'மகன்'. பக்கத்துல 'மாமியார்'. ஏம்மா, நேத்து வந்தப்பவே கேக்கணும்னு நினைச்சேன், இது யாரோட மகன்?

— அதாவது அத்தை, இங்க எல்லாரும் குடுவைக்கு ஏதாவது ஒரு பேர் வைப்போம். ஞாபகம் இருக்கணும்ல.

— என்னை ஞாபகம் வச்சுக்க உனக்குக் குடுவை வேணுமா?

— பெருமையான விஷயம்தான் அத்தை. ரெண்டும் ஒரே இனம். ரெண்டையும் வெறும் உப்பும் சர்க்கரையும் இருக்கற தண்ணியில போட்டேன். அமினோ அமிலம் கிடையாது, அதாவது சமைச்ச சாப்பாடு இல்லை. மாமியாருக்கு அது உடனே உறைக்கும். உள்ளுக்குள்ள நியூக்ளியோடைடுன்னு ஒரு சின்ன மூலக்கூறைச் செய்யும். அதுதான் அபாயச் சேதி. 'புது வேலை எதையும் ஆரம்பிக்காதே, இருக்கறதை வச்சு அடுப்பைப் பத்த வை'ன்னு வீடு முழுக்கச் சொல்லிடும். வளர்ச்சி கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம் வேண்டியதைத் தானே சமைச்சுக்கிட்டு மெல்ல எழுந்துடும்.

— அது நான்தான், சந்தேகமே இல்லை. மகன்?

— அந்தச் சேதியைச் செய்யற ஜீனை மகன்கிட்டேர்ந்து எடுத்துட்டோம். பானை காலின்னே தெரியாது. தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பார்.

— ஜீனை எடுக்காமலே என் பையன் அப்படித்தானேம்மா.

— அதனாலதான் அத்தை அந்தப் பேர்.

— வளர்த்தவ சரியில்லைன்னு சுத்தி வளைச்சு சொல்ற. சரி, சொல்லு.

— எனக்கு இப்ப சிரிக்கவும் தெம்பில்லை. மத்தியானம் என் கைடு சார் வந்து பார்ப்பார். மகன் படுத்தாதான் அந்தச் சேதி எவ்வளவு முக்கியம்னு காட்ட முடியும். என் ஆராய்ச்சியே அதை நம்பித்தான் நிக்குது. இவர் என்னடான்னா விருந்துக்குப் போய் வந்த மாதிரி கொழுத்துக் கிடக்கார்.

— வேற கிருமி எதுவும் விழுந்திருக்குமோ?

— அதைத்தான் முதல்ல சோதிச்சேன். சாட்சாத் மகனேதான். யாரோ ஊட்டியிருக்கணும். அத்தை, நேத்து சாயந்தரம் நான் கோட்டைக் கழட்டப் போனப்ப நீங்க இங்க தனியா நின்னீங்கல்ல?

— நின்னேன்.

— அலமாரியில 'சாப்பாடு'ன்னு எழுதின பாட்டில் குறைஞ்சிருக்கே.

— ஆமா, குறைஞ்சுதான் இருக்கு.

— எடுத்து ஊத்தினீங்களா?

— திட்ட மாட்டேன்னு சொல்லு.

— மாட்டேன்.

— கொஞ்சூண்டு ஊத்தினேன். 'பட்டினி, தொடாதே'ன்னு எழுதி வச்சா எந்தப் பொம்பளைக்கு மனசு கேக்கும்?

— முடிஞ்சுது. வீட்லதான் அவர் தட்டுல ரெண்டு கரண்டி கூடப் போடறீங்க, நான் வாயைத் திறக்கல. இங்கயுமா? பெத்த பாசத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? மறுபடி முதல்லேர்ந்து செய்யணும். அழுகையா வருது எனக்கு.

— திட்ட மாட்டேன்னு சொன்ன.

— இது திட்டு இல்லை, புலம்பல்.

— சரி புலம்பு. நடுவுல ஒண்ணு கேக்கறேன். யாரும் ஊட்டாமலே மகன் இப்படி வளர்ந்திருந்தா?

— நடக்காது. நடந்திருந்தா கதையே வேற. அந்தச் சேதி இல்லாமலே சமைக்க இவர் உடம்புல ஏதோ புது வழி பிறந்திருக்குன்னு அர்த்தம். சார் அப்படி ஒண்ணைத்தான் தேடிக்கிட்டே இருக்கார். கிடைச்சா என்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுவார். ஊட்டி வளர்த்ததுக்கு என்ன மதிப்பு? கொஞ்சம் நகருங்க, இதை பிளீச்சிங் தண்ணியில கொட்டிடறேன்.

— கொட்டாதே. கீழ வை.

— மகனைக் கொட்டினா உங்களுக்கு வலிக்கும், தெரியும். விடுங்க.

— அவனுக்கு யாரும்மா ஊத்தினது? என் பேரை ஒட்டி என்னையே பட்டினி போட்டிருக்கியேன்னு, நான் 'மாமியார்' குடுவையிலதான் ஊத்தினேன்.