அரை நிமிஷம் பிந்தி வர்ற கோல்

சாஸ் இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க தம்பி. இந்தக் குளிருக்கு சாஸேஜ் ரோலைச் சும்மா தின்னா தொண்டையிலயே நிக்கும். ம், சொல்லுங்க. கேமரா படத்தைப் பிடிச்சு, சுருக்கி, அனுப்பி, நடுவுல ஒரு இடத்துல தேக்கி வெச்சு, அப்புறம்தான் போனுக்கு விடுதா? எங்க கிளப் கமிட்டி மாதிரியே இருக்கே.

வைஃபைய விட்டுட்டு கேபிள் இழுத்து, தேக்கி வைக்கிறதையும் கொறைச்சா ஒரு வினாடியில வந்துருமா? அடேங்கப்பா. ஷேன் ஆடிப் போயிருவான். அதான், உங்களை வரவெச்ச செக்ரட்டரி. அவனையும் குத்தம் சொல்ல முடியாது. நம்ம பசங்க பாதிப் பேரு மேற்கே சுரங்கத்துல கெடக்கிறானுங்க. சனிக்கிழமை ஆனா போனைக் கையில வெச்சுக்கிட்டு நம்ம கிளப்போட ஃபுட்டி ஆட்டத்தைத்தான் நேரலையில பாப்பானுங்க. இங்க கோல் விழுந்ததும் எவனாவது வாய் பொறுக்காம மெசேஜ் தட்டிருவான். அங்க அவன் போன்ல பந்து இன்னும் நடு மைதானத்துலயே உருளும். எரிச்சல் வராம என்ன செய்யும்?

ஆமா, இதுக்குக் கமிட்டியில கை தூக்காதது நான் ஒருத்திதான். அதுக்குள்ள உங்க காதுக்கு வந்துருச்சா? இந்த ஊர்ல அதுக்கு மட்டும் தாமதமே கெடையாது.

காரணம் சொன்னேனே. வர்ணனை பண்ற டெஸ்ஸுக்கு வாய் ரொம்ப மோசம், கெட்ட வார்த்தை வந்தா வெட்டி எடுக்க அரை நிமிஷமாவது வேணாமான்னேன். வெட்டுறதுக்கு அங்க யாரு உக்காந்திருக்கா, நோலீன்னு என்கிட்ட கேட்டு உருண்டு சிரிச்சானுங்க. சிரிக்கட்டும்.

மைக்குல என்ன சத்தமா? ஹார்ன் தம்பி. மெல்போர்ன்காரர்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. குளிருக்கு யாரும் கீழ எறங்க மாட்டாங்க, மைதானத்தைச் சுத்தி காருக்குள்ளயே உக்காந்திருப்பாங்க. கோல் விழுந்தா அத்தனை பேரும் ஹார்ன அமுக்குவாங்க. எல்லாரும் விட்டப்புறமும் ஒருத்தன் கையெடுக்க மாட்டான் பாருங்க, அவன் பையன்தான் கோல் அடிச்சிருக்கான்னு அர்த்தம்.

அது எங்க வீடு வரைக்கும் கேக்கும். அந்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சைக் கூரை. உள்ள எங்க வீட்டுக்காரர் நெவில் இருக்கார். போன அறுவடை சமயத்துல மூளையில அடைப்பு வந்துச்சு. நம்ம பேசுறது எல்லாம் புரியும், சொல்லுதான் வர மாட்டேங்குது. தேடுறார். பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வரும், தங்கமான பொண்ணு. கப்பு படத்தைக் காட்டி என்னதுன்னு கேக்கும். இவர் தேடிக்கிட்டு இருக்கும்போதே பாவம் பாத்து அதுவே கப்புன்னு சொல்லிரும். இவர் அட்டையத் தூக்கி எறிவார்.

சனிக்கிழமை நான் கேண்டீன் பக்கமே வர்றதில்ல இப்ப. அவர் பக்கத்துல உக்காந்திருப்பேன். சன்னல் வழியா ஹார்ன் வரும். கடைசி வரைக்கும் அமுக்குறது எவன் கார்னு அவருக்கு உடனே தெரிஞ்சுரும். அந்தக் கார்க்காரன் பையன் பேரை ஜா... ஜான்னு ஆரம்பிப்பார். எனக்கு வாயில வந்து நிக்கும், ஆனா மூச்சு விட மாட்டேன். டேப்லட் திரையில இன்னும் ஒண்ணும் நடந்திருக்காது. நெத்தி வேர்க்கத் தேடி, கடைசியில ஜாரட்னு சொல்லி முடிப்பார். அப்புறம்தான் படத்துல ஜாரட் கோல் அடிப்பான். என்னை ஒரு பார்வை பாப்பார் பாருங்க, என்னமோ இவர் சொன்னதாலதான் பந்தே உள்ள போன மாதிரி.

வாரம் முழுக்க அவர் முழுசாச் சொல்ற வார்த்தை அவ்வளவுதான் தம்பி. நீங்க ஒரு வினாடியில கொண்டாந்து காட்டிட்டீங்கன்னா திரை முந்திக்கும்.

ஒரே கேமராவுல ரெண்டு விதமா அனுப்பலாம்னு வந்ததும் சொன்னீங்கள்ல? சுரங்கத்துப் பசங்களுக்கு வேகமா விடுங்க. எங்க வீட்டுக்குப் பழையபடி மெதுவாவே வரட்டும். ஷேன் கேட்டா நெவிலோட டேப்லட் பழசுன்னு சொல்லிருங்க.

என் பேரா? அது அவர் வாயில இன்னும் வரல. போன வாரம் டீ கேக்க என்னை ஜாரட்னு கூப்பிட்டார். போட்டுக் கொண்டு போய்க் குடுத்தேன்.