ட்ரெட்மில்லில் மீமிசல் வரை

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னதைக் கேட்டுத்தான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எங்கம்மா வீட்டுக்குள்ளயே ஓடி, நேத்து ஆவுடையார்கோயில் போயிட்டாங்கடி."

"நெசமாவா? ஆப் சரியாக் காட்டுச்சா?" என்றாள் மற்றவள்.

"காட்டுச்சு. ட்ரெட்மில்லுல ஓடுற தூரத்தை நம்ம ஊரு ரோட்டுல வச்சுக் காட்டவும் ஒரே குஷி. வெறும் நம்பரைக் காட்டுனப்போ அலுத்துப்போயி அது மேல துணிதான் காயப்போட்டாங்க."

"நீ ஆப்பை நல்லாத்தான் செஞ்சிருக்க. எனக்குத்தான் ஒரு ஜிம்லயும் விக்கத் தெரியல. புதுக்கோட்டை ஜிம்காரர் ஒரு மெஷின்ல வச்சுப் பாக்குறேன்னாரு, அப்பறம் பேச்சே இல்ல. நாளைக்குள்ள சென்னை வேலைக்குப் பதில் சொல்லணும்."

அப்போது மற்றவளுடைய போன் அடித்தது. அந்த ஜிம்காரர்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னங்க, இப்புடி ஒண்ணைக் குடுத்துட்டுப் போயிட்டீங்க! ஒரு டீச்சரம்மா மெஷினை விட்டு எறங்க மாட்டேங்கிறாங்க. மீமிசல் கிட்ட வந்துட்டாங்களாம், கடலைப் பாத்துட்டுத்தான் எறங்குவாங்களாம். பின்னாடி ஆளுக நின்னு சத்தம் போடுறாங்க. எல்லா மெஷினுக்கும் போட்டு விடுங்க!"

இருவரும் போட்ட கூச்சலில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"சென்னைக்கு வரலன்னு சொல்லிரவாடி?"

"இப்பவே சொல்லு. சொல்லிட்டு எந்திரி, எறங்கித் திரும்பிப் போவோம். மீமிசலுக்கு அங்கிட்டு நான் ஆப்புல ரோடே போடல. அந்தம்மா நேரா கடலுக்குள்ள ஓடிருவாங்க!"