முகூர்த்த நேரத்துப் பருந்துகள்

எங்கள் பக்கம் முட்டைப் பண்ணை வைத்திருப்பவர்கள் தங்கள் பண்ணைக் கோழியைச் சாப்பிட மாட்டார்கள். வளர்த்த பாசம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாசமெல்லாம் ஒன்றுமில்லை இன்ஸ்பெக்டர் சார். நாள் முழுக்க அந்த நாற்றத்திலேயே கிடந்தால், இலையில் வைத்தாலும் உள்ளே இறங்காது. நான் கோயில் பொறுப்புக்கு வந்ததிலிருந்து முட்டையையும் விட்டுவிட்டேன். அதனால்தான், செத்த கோழியை முதலாளியே கையால் தூக்கிப் போட்டார் என்று என் பண்ணை ஆள் மாரி சொன்னபோது நீங்கள் நம்பவில்லை போலிருக்கிறது. அவன் சொன்னது உண்மைதான். அவனை அடிக்க வேண்டாம்.

என் பெயர் கந்தவேல். மேட்டுப்பெருமாள் கோயிலுக்குத் தர்மகர்த்தா. என் அப்பா பார்த்த பொறுப்பு அது. கோயிலுக்கும் ராணுவ விமானத்தளத்துக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். ராணுவத்துக்காரர்களைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வரிசையில் நின்று தீர்த்தம் வாங்கிக்கொள்வார்கள். அவர்களுடைய பயிற்சி விமானங்கள் எப்போதாவது வரும், போகும். கோயில் புறாக்கள்கூடப் பழகிவிட்டன.

பிறகு அதே தளத்தில் பொதுமக்களுக்கும் விமானம் விடப்போவதாகச் சொன்னார்கள். டெர்மினல் கட்டினார்கள். ஓடுதளத்தை எங்கள் பக்கமாக நீட்டினார்கள். ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். ஆனால் அந்த நேரத்தில்தான் நான் கோயிலுக்கு ஐந்து நிலைக் கோபுரம் எழுப்பி முடித்திருந்தேன். அளந்து பார்க்க வந்த இன்ஜினியர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, மேல் இரண்டு நிலையை இறக்க வேண்டியிருக்கும் என்றார். பெரிய விமானம் இறங்கும் பாதையில் குறுக்கே நிற்கிறதாம். கலசம் ஏறப்போகிற கோபுரத்தின் தலையை எடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது. எனக்கும் எரிந்தது. அதை மறைக்கவில்லை.

இந்த இடத்தில் என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உஷாராணி எனக்கு ஒரே தங்கை. கல்லூரியில் படிக்கும்போது ராசிபுரத்துப் பையன் மதியழகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர்கள் தறிக்காரர்கள், நாங்கள் காடு தோட்டம் உள்ளவர்கள். அப்பா உயிரோடிருக்கிற மகளுக்குத் தலை முழுகினார். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அப்பா போன பிறகு நானே தேடிப் போய்ப் பேசினேன், தீபாவளிக்குக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை என்றுதான் அழைப்பேன். சாப்பிட்ட தட்டை அவரே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். கழுவச் சொல்லி நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

தறி ஓட்டம் நின்றபின் மாப்பிள்ளைக்கு விமானத்தளத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. பறவை விரட்டும் வேலை. வெடி வைத்துச் சுடுகிற ஒரு துப்பாக்கியும் ஒரு விசிலும் கொடுத்திருந்தார்கள். விமானம் வரும் நேரத்தில் ஓடுதளத்து ஓரமாக நின்று, கொக்கு, மயில், பருந்து எது வந்தாலும் விரட்ட வேண்டும். தங்கை அதைப் பெரிய உத்தியோகம் போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று. கலசத்தில் தீர்த்தம் ஊற்றும்போது மேலே கருடன் வட்டமிட வேண்டும். வட்டமிட்டால்தான் பெருமாள் ஏற்றுக்கொண்டார் என்று ஜனம் நம்பும். பக்கத்து ஊரில் கருடன் வராமல் போய், அந்தத் தர்மகர்த்தா இன்றுவரை தலைகுனிந்துதான் நடக்கிறார். எனக்கு அந்த நிலை வரக் கூடாது. அதனால் பண்ணையில் அன்றன்றைக்குச் சாகிற கோழிகளைக் குழியில் போட்டு மூடாமல், சாக்கில் கட்டிக்கொண்டுபோய் வேலிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் போட ஆரம்பித்தேன். தினமும் முகூர்த்த நேரத்துக்கே போட்டேன். விரதத்தில் இருந்துகொண்டு பிணத்தைத் தொடுகிறோமே என்று முதலில் கூசியது. போட்டுவிட்டுக் கிணற்றில் குளித்துவிடுவேன். பருந்துகளுக்கு நேரம் தெரியும் சார். சில வாரங்களில் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தன.

ஒரு நாள் மாப்பிள்ளை பண்ணைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மச்சான், நம்ம பண்ணையில சாவுக்கோழிய எங்கீங்க போடறாங்க?"

"குழியிலதான் மாப்பிள்ளை. சுண்ணாம்பு போட்டு மூடிடுவோம். ஏன் கேக்கறீங்க?"

"கெழக்கால பருந்து சாஸ்தியாயிருச்சுங்க. தெனமும் ஒரே நேரத்துக்கு வருதுங்க, சொல்லி வச்ச மாதிரி."

"பெருமாள் கோயில் பக்கம் கருடன் வராம வேற என்ன வரும்?"

அவர் சிரித்தார். "இது கருடன் இல்லீங்க மச்சான். கருடனுக்குத் தலை வெள்ளையா இருக்கும். இது அத்தனையும் கரும்பருந்துங்க. இன்ஜின்ல ஒண்ணு பூந்தாப் போதும், பிளேன் கீழ வந்துரும்."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த விவரம் தெரிந்தது. கிழக்கில் பறவைத் தொல்லை தீராது என்று அதிகாரிகள் முடிவு செய்துவிட்டால், பெரிய விமானங்களை மேற்கிலிருந்து மட்டும் இறக்குவார்கள், கோபுரத்துப் பக்கம் வராது என்பதையும் அவரே சொன்னார். மனிதருக்குச் சூது தெரியாது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுவார்.

கும்பாபிஷேக நேரத்தில் பயிற்சி விமானங்களை நிறுத்தி வைக்கிறோம் என்று ராணுவத் தளத்து அதிகாரி எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காப்பாற்றவும் செய்தார். ஆனால் புதிய இறங்கு பாதையைப் பார்க்க வருகிற சோதனை விமானம் அவர் கையில் இல்லை. அது விடியற்காலையில் வருவதாக இருந்தது. பிறகு முகூர்த்த நேரத்துக்கே மாறிவிட்டது. இதையும் மாப்பிள்ளைதான் வந்து சொன்னார். கோயிலில் வெடி கிடி போடப்போகிறார்களே என்ற கவலையில், எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று சொன்னார்.

நான் அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்குள் நான் போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"கும்பாபிஷேகத்தன்னிக்கி மொதல் பரிவட்டம் உங்களுக்குத்தான் மாப்பிள்ளை" என்றேன்.

பரிவட்டம் என்றால் உங்களுக்குத் தெரியும், பெருமாள் மேல் சாத்திய பட்டைத் தலையில் கட்டி மரியாதை செய்வது. எங்கள் வம்சத்தைத் தவிர வேறு யார் தலையிலும் அது ஏறியதில்லை.

"எனக்குங்களா?"

"எங்க ஊட்டு மருமகன் நீங்கதானே?"

"அன்னிக்கி டூட்டிங்க மச்சான். பிளேன் எறங்கற வரைக்கும் நகர முடியாதுங்க."

"துணி கட்ட எத்தன நேரம் ஆகப்போவுது. கட்டிக்கிட்டு ஓடிருங்க."

உஷாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு எட்டு வந்துட்டுப் போலாமுங்க. அண்ணனே ஊடு தேடி வந்து கூப்புடுது. யாழினியும் பாக்கட்டும், அவங்கப்பா தலையில பட்டக் கட்டறத" என்றாள். யாழினி அவர்கள் மகள். மாப்பிள்ளை மனைவி முகத்தைப் பார்த்தார். வருகிறேன் என்றார்.

கும்பாபிஷேகத்தன்று காலையில் வழக்கத்தைவிட அதிகமாகவே சாக்குகளைப் பிரித்துக் கொட்டினேன். குளித்தேன். ஈர வேட்டியோடு யாகசாலைக்குப் போனேன். மாப்பிள்ளை வேலை உடுப்பில், இடுப்பில் துப்பாக்கியோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார். குடும்பத்தில் எல்லோர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்துவிட்டுக் கட்டும்படி பட்டரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் நிதானமானவர். ஒவ்வொரு பெயராகக் கேட்டு, திருத்திச் சொல்லி, கடைசியில் பட்டைக் கட்டினார். தங்கை கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பருந்துகள் எழும்பின. நான் இத்தனை எதிர்பார்க்கவில்லை. வானமே சுழல்வதுபோல இருந்தது. ஜனம் மொத்தமும் கையைத் தூக்கி "கோவிந்தா" என்று கூவியது. கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவர்கூட அவற்றின் தலை வெள்ளையா கறுப்பா என்று பார்க்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் கிழக்கே பார்த்தார். மேளச் சத்தத்துக்கு நடுவில் அவருக்கு மட்டும் விமானச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பி ஓடப் பார்த்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தீர்த்தம் வாங்காமப் போகக் கூடாது மாப்பிள்ளை."

மரியாதை தெரிந்த மனிதர். இன்னொருவராக இருந்தால் உதறிவிட்டு ஓடியிருப்பார். அவர் கையைக் குவித்து நீட்டிக்கொண்டு நின்றார். நான் பட்டரிடமிருந்து தீர்த்த உத்தரணியை மெதுவாகத்தான் வாங்கினேன். தீர்த்தம் விழுந்த உடனே, குடிக்காமலேயே, பட்டும் தலையுமாக மேட்டிலிருந்து இறங்கி வேலியை நோக்கி ஓடினார். ஓடிக்கொண்டே சுட்டார். விமானச் சத்தம் இருமுவது போல மாறியது. பிறகு இல்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு விமானம் விழுந்த இடத்தில்தான் அவர் இருந்தார். விமானத்தில் வந்த மூன்று பேர், இவரோடு நான்கு. நான் பட்டரோடு சாரத்தில் ஏறிக் கலசத்துக்குத் தீர்த்தம் ஊற்ற வைத்தேன். முகூர்த்தத்தைத் தவற விட முடியாது.

காவலுக்கு நின்றவன் பரிவட்டத்துக்கு ஆசைப்பட்டு வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான், அதனால்தான் நாலு உயிர் போயிற்று என்று ஊர் பேசுகிறது. விசாரணைக்கு வந்தவர்களும் அதையேதான் எழுதிக்கொண்டு போனார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாதென்று மட்டும் இரண்டு பேரை அதட்டினேன். காரியங்கள் எல்லாம் நான்தான் செய்தேன். தங்கையையும் பிள்ளையையும் வண்டி வைத்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

கோபுரத்துக்காகச் செய்தேன் என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதுங்கள். ஆனால் தளத்து அதிகாரியை நீங்கள் விசாரித்தால் அவர் வேறு ஒன்று சொல்வார், நானே சொல்லிவிடுகிறேன். கும்பாபிஷேகத்துக்கு முந்தைய வாரமே அவர் கோயிலுக்கு வந்தார். மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார்களாம், கோபுரத்தை இறக்க வேண்டியதில்லையாம், உச்சியில் ஒரு சிவப்பு விளக்குப் போட்டால் போதுமாம். கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, புளியோதரை வாங்கிக்கொண்டு போனார். ஆமாம், எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கு நான் போனது அதற்கு மறுநாள்.

உஷாராணிதான் புகார் கொடுத்தாள் என்கிறீர்கள். மாரி அவளிடம் சொல்லியிருப்பான், அவள் கோபத்தில் வந்திருப்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். அவளுக்கு இனி வேறு வீடு இல்லை.