குடும்பத்தோடு கை நீட்டச் சொன்ன மருத்துவருக்கு

தோல்நோய்ப் பிரிவின் தூணே! துவண்டு வந்தோரின் துணையே! எரிந்து விழவும் தெரிந்த, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தலைமை மருத்துவரே! வணக்கம்.

தூண் என்கிறோம், நின்று நின்றே உங்கள் முழங்கால் போனதுதான் மிச்சம். முப்பது ஆண்டுகளாக, பெயர் சொல்லவே வாய் வலிக்கும் அரிய நோய்களோடு மல்லுக்கட்டினீர்கள். உங்களோடு ஓடி நாங்களும் ஓய்ந்துபோனோம்.

நோயாளியை மட்டும் பார்த்து நீங்கள் அனுப்பியதே இல்லை. உடன் வந்த அத்தனை பேரும் கை நீட்ட வேண்டும். வெளியே கூட்டம் முணுமுணுக்கும். எங்களுக்கும் எரிச்சல் வரும்.

ஒருநாள் கழுத்தும் மார்பும் சொரசொரத்துப் புண்ணான இளம்பெண்ணோடு பெற்றோர் வந்தனர். தகப்பன் பொரிந்தார்: "எங்க பரம்பரையில யாருக்கும் இது இல்ல டாக்டர். எல்லாம் என் பொண்டாட்டி வழியில வந்தது. இவள அவ அம்மா வீட்டுக்கே அனுப்பிடப் போறேன்."

"அனுப்பலாம். முதல்ல உங்க கைய நீட்டுங்க" என்றீர்கள்.

அவர் நகங்களில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், நுனியில் சின்னப் பிளவு. மகளுக்கு இருக்கும் அதே மரபணுக் கோளாறு! வியர்க்காத குளிர்பதனக் கிடங்கில் அவருக்கு வேலை. நோய் அடங்கிக் கிடந்தது. மகளுக்கோ பேக்கரி அடுப்பருகே வேலை.

அவர் தன் நகங்களை உற்றுப் பார்த்தார். "அப்ப நான்தான் காரணமா?"

"நீங்களும் இல்ல. பரம்பரையா வர்றத யாரும் கேட்டு வாங்கறதில்ல. வெக்கையும் வேர்வையும் அதக் கிளப்பிவிட்டுடுச்சு. புள்ளைய அடுப்புகிட்டருந்து மாத்துங்க. அம்மா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மகள் பின்னால் நின்ற தாய், "இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்" என்றார். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நீங்கள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, நிதானமாக இன்னொரு தடவை சொன்னீர்கள். மூவரும் சேர்ந்தே வீடு திரும்பினார்கள்.

அயராத அன்பே! அயர்ந்துதான் போயிருக்கிறீர்கள், எங்களுக்குத் தெரியும். நோயின்றி, நெடுங்காலம், நிம்மதியாக வாழுங்கள். காலையில் மெதுவாக எழுங்கள்.

உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. திங்கட்கிழமை யாரோ ஒருத்தி வீட்டார் சுமத்திய பழியைச் சுமந்துகொண்டு வந்து நிற்பாள். எங்களுக்குப் பயமாகத்தான் இருக்கிறது, டாக்டரம்மா. பார்த்துக்கொள்கிறோம், போய் வாருங்கள்.

களைப்போடும் அன்போடும்,
தோல்நோய்ப் பிரிவு ஊழியர்கள்