எம்பத்தி நாலு கிலோ

அந்தச் சேருல ஒக்காராத கண்ணு. ரெண்டு பக்கமும் கை வெச்ச சேரு அது, எந்திரிக்கறப்ப ஒன்னோடவே வந்துரும். போன வருசம் நானு அப்படித்தான், எந்திரிச்சு ரெண்டு எட்டு நடந்துட்டேன், சேரு பொறத்தால தொங்கிட்டு வருது. நர்சு புள்ளைக ரெண்டு பேரு வந்து இழுத்து உட்டாங்க. இங்க வா, இந்தப் பெஞ்சுக்கு வா, நகந்துக்கறேன். குண்டானவிய வார எடத்துக்கு இந்தச் சேர வாங்கிப் போட்டவன் எம்புட்டுப் பெரிய படிப்புப் படிச்சிருப்பான்னு பாத்துக்க.

மொத தடவையா? பாத்தாலே தெரியுது. துப்பட்டாவ இழுத்து இழுத்து வயித்து மேல போட்டுக்கற. யாருகிட்ட மறைக்கற? இங்க ஒக்காந்திருக்கறவிய எல்லாரும் அதே வயித்தத் தூக்கிட்டு வந்தவியதான். கூட யாரு வந்தாங்க? ஊட்டுக்காரரா? மேல வரலியா? ஓ, கீழ வண்டிகிட்ட நிக்கறாரா. நிக்கட்டும் நிக்கட்டும். தெரிஞ்சவிய யாராச்சும் பாத்துட்டா அவரு மானம் என்னாவறது.

எனக்குச் சேந்தமங்கலம். பேரு பூவாத்தா. முட்டைக்கோழிப் பண்ணை வெச்சிருக்கறம், எட்டாயிரம் கோழி நிக்குது. எங்கூட்டுக்காரரு போர்வெல் போடற ரிக் வண்டிக்குப் போனவரு. வருசத்துல எட்டு மாசம் வெளி ஸ்டேட்டுல போர் போட்டுட்டுக் கெடப்பாரு. பண்ணை பூரா நாந்தான். தீவனம் போடறது, தண்ணி பாக்கறது, முட்டை எடுத்து அட்டையில அடுக்கறது, லாரிக்கு ஏத்தி உடறது. விடியால அஞ்சு மணிக்கு எறங்குனா பொழுது சாயற வரைக்கும் நிக்கற காலு இது. இந்த ஒடம்பப் பாத்துத்தான் அத்தன பேரும் சொல்றாங்க, ஒக்காந்தே இருக்காம கொஞ்சம் வேலை செய்யுங்கக்கான்னு.

எம்புட்டு இருந்தேனா? மொதல்ல நூத்தி எட்டு. அதக் கண்டுபுடிச்சதே பெரிய கூத்து. எங்கூரு கிளினிக்குல தராசு நூறு வரைக்குந்தான் காட்டுது. அங்க ஒரு கம்பவுண்டரு, நேத்து மொளைச்சவன், இது மனுசங்களுக்கு வெச்சிருக்கற தராசுங்கக்கா, நீங்க தீவன மில்லுல ஏறிப் பாத்துட்டு வாங்கன்னான். போனேன். மக்காச்சோள மூட்டை வெக்கற தராசுல ஏறி நின்னேன். மில்லுக்காரரு பழக்கத்துல எடைச் சீட்டு வேற போட்டுக் குடுத்துட்டாரு.

சிரிக்கறயா? சிரி, தப்பில்ல. அதுக்கெல்லாம் அழுவ வேண்டியத அழுது முடிச்சாச்சு.

ஏன், நீ எதெது பாத்த? பவுடரா? ஐயோ சாமி, அந்தக் கருமத்த நானுங் குடிச்சேன். நாமக்கல்லுல ஒரு மாடியில, காலையில ஆறரைக்கு வரச் சொன்னான். ஒரு டம்ளர் மாவக் கரைச்சுக் குடுத்துட்டு எல்லாரும் கை தட்டணுங்கறான். ஒருத்தி எந்திரிச்சு, போன வாரம் நானூறு கிராம் எறங்கிட்டேங்கறா, அதுக்குக் கை தட்டணும். எனக்கு ஏறிப் போச்சுன்னேன். யாருங் கை தட்டல. இன்னொரு டப்பா வாங்கிக்கங்கன்னான். அவன் அதுக்கு முன்னால மோட்டாரு வித்துட்டு இருந்தவன் கண்ணு. எங்க பண்ணைக் கெணத்துக்கு அவங்கிட்டத்தான் வாங்குனோம். அதுவும் ரெண்டு மாசத்துல எரிஞ்சு போச்சு.

ஜிம்முக்குப் போனா அவன் மொத நாளே போட்டோ எடுக்கணுங்கறான். கொறஞ்சதுக்கப்பறம் இன்னொரு போட்டோ எடுத்துப் பக்கத்துல பக்கத்துல போட்டு பஸ் ஸ்டாண்டுல பேனர் வெப்பானாம். எம்பட வயித்தக் காட்டி அவன் தொழிலு பண்ணோணும். செருப்ப மாட்டிட்டு வந்துட்டேன்.

அப்பறம் ஒரு டயட்டு புள்ள. காலையில ஓட்ஸு, மத்தியானம் ப்ரோக்கோலின்னு எழுதிக் குடுத்துச்சு. சோறே கண்ணுல காட்டக் கூடாதாம். நாங்க கோழிக்குக் கூடத் தீவனத்த ஒரேயடியா நிறுத்த மாட்டோம் கண்ணு. நிறுத்துனா றெக்கையக் கொட்டிப் போட்டு மூலையில போயி நின்னுக்கும், முட்டை உடாது. வாரா வாரம் எடை போட்டுப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைப்போம். கோழிக்கிருக்கற மருவாதி எனக்கில்ல. அந்தப் புள்ளகிட்ட இதச் சொன்னேன். நீங்க கோழி இல்லீங்களேங்குது. அம்புட்டுத்தான் அதும் படிப்பு.

டாக்டருங்க இன்னும் மேல. காது வலிக்குதுன்னு போனேன், ஒடம்பக் கொறைங்கன்னாரு. காதுங்க, ஒடம்பில்லீங்கன்னேன். காதக்கூடப் பாக்கல அந்த மனுசன். அப்பறம் பாத்தா உள்ள சீழு கட்டியிருக்குது.

கொழந்தைகளா? இல்ல. கல்யாணமாயி இருவத்தாறு வருசம் ஆச்சு. அதுக்கும் ஒடம்புதான் காரணம், வேறென்ன. கல்யாணத்தப்ப நானு அறுவத்தஞ்சு கிலோதான், அப்பவே அப்படித்தான் சொன்னாங்க. ஒரு டாக்டரம்மா மட்டும் ரெண்டு பேரும் டெஸ்ட் எடுக்கோணும்னு சொல்லிச்சு. நானு எடுத்தேன், ஒரு கொறையுமில்லன்னு வந்துச்சு. அவரு வரல. நானும் நாலு வருசம் கூப்புட்டேன். ஒருக்கா மாரியம்மன் நோம்பிக்கு ஊட்டுல ஒறம்பரைச் சனம் நெறைய. இலை போட்டுச் சாப்புட்டுட்டு இருக்காங்க. அவரு தம்பி சுவாமிநாதன் கேட்டான், என்னண்ணா, விசேசம் ஒண்ணும் இல்லியான்னு. இவரு சொல்றாரு, அவ உள்ள பூராம் கொழுப்பு, கொழந்தைக்கு எங்கடா எடமிருக்குதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன். ரசம் ஊத்திட்டு இருந்தேன்.

இல்ல கண்ணு, ஒன்னைய அழ வெக்கறதுக்குச் சொல்லல. நீ கேட்ட, சொன்னேன்.

எதுக்குக் கொறைச்சேனா? அழகுக்கில்ல. இந்த ஒடம்பு எனக்கு ஒரு கெடுதலும் பண்ணதில்ல. சக்கரை இல்ல, பிரஷர் இல்ல. ஊருல இருக்கறவனுக்குத்தான் இது ஆவல. இந்தத் தடவை அவருக்காகத்தான் ஆரம்பிச்சேன். எங்கூட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. ரெண்டு வருசமாவுது. ஆமா, அவரு ஒல்லிதான். அம்பத்தஞ்சு கிலோ. பிரஷர் மாத்திரை எழுதிக் குடுத்தத வாங்கி பீரோவுல போட்டு வெச்சிருந்தாரு. ஒல்லியா இருக்கறவனுக்கு எதுக்குடி மாத்திரை, நீ தின்னுன்னாரு. இப்ப வாரம் மூணு நாளு டயாலிசிஸு, இதே ஆஸ்பத்திரியில கீழ் மாடியில. தண்ணியக்கூட அளந்துதான் குடிக்கறாரு.

மாத்துக் கிட்னி வெச்சா நல்லதுன்னாங்க. சொந்தத்துல யாராச்சும் குடுக்கலாம்னதும், ஒறம்பரை பூராம் நகந்துக்கிச்சு. சுவாமிநாதன் ஆறடி ஆளு. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாலயே ஊசியப் பாத்து மயக்கம் வருதுன்னு எந்திரிச்சுப் போனவன், பத்து நாளு போனே எடுக்கல. அவரு தங்கச்சிக்குச் சக்கரை. கடைசில எனக்குப் பாத்தாங்க. எல்லாம் பொருந்துது. டாக்டரு ரிப்போர்ட்டப் பாத்துட்டு, உங்களுக்கு எல்லாமே நெம்ப நல்லா இருக்குதுங்கம்மா, எடை மட்டும் எம்பத்தி நாலுக்கு வந்துருங்க, இந்த எடையில ஆபரேசன் பண்ணுனா உங்களுக்கு ஆபத்துன்னாரு. எனக்கு ஆபத்துன்னு ஒருத்தரு வெசனப்பட்டது எம்பட காதுல உழுந்தது அன்னைக்குத்தான்.

அப்படித்தான் இங்க அனுப்புனாங்க. இந்த டாக்டரு பரவால்ல, நீ பயப்படாத. திட்ட மாட்டாரு. சோத்த நிறுத்தச் சொல்ல மாட்டாரு. மாசம் ரெண்டு கிலோ போதுங்கம்மா, அவசரப்படாதீங்கன்னாரு. கோழி வளக்கற அளவுக்கு அறிவு இருக்கற ஒரு டாக்டர இங்கதான் பாத்தேன்.

அவரப் பாத்ததுக்கப்பறம் அந்தக் கடேசி ரூமுக்கு அனுப்புவாங்க. அஃபீபான்னு ஒரு புள்ள இருக்கும். மனசுக்குப் பேசற புள்ளையாம். எனக்கென்ன பைத்தியமான்னு கேட்டுட்டேன் மொத நாளே. அந்தப் புள்ள கோவிச்சுக்கல. இல்லீங்கம்மா, பேசணும்னா பேசலாம், இல்லாட்டிச் சும்மா ஒக்காந்துட்டுப் போங்கன்னுச்சு. மூணு தடவை சும்மாத்தான் ஒக்காந்துட்டு வந்தேன். சேலத்துல வெயிலுக்கு அந்த ரூமு ஏசி நல்லா இருந்துச்சு.

நாலாவது தடவை எப்படியோ வாயி வந்துருச்சு. நானு தீவன ரூமுல கதவச் சாத்திட்டு, நின்னுட்டேதான் சோறு திங்கறது கண்ணு. அத்தன வருசமும். நாலு பேரு முன்னால தட்டப் போட்டு ஒக்காந்தா எம்பட தட்டத்தான் பாப்பாங்க. அதுக்கு, எனக்கு வேண்டாங்க, பசிக்கலீங்கன்னு சொல்லிப் போட்டு, அப்பறம் அங்க போயி மூட்டைகளுக்கு நடுவால நின்னு ரெண்டு மடங்கு திங்கறது. இதச் சொன்னேன். அந்தப் புள்ள எதையும் எழுதிக்கல. அடுத்த தடவை வாரப்ப டிபன் பாக்ஸ் கொண்டாங்கன்னு மட்டும் சொல்லுச்சு. கொண்டு போனேன். அந்தப் புள்ளையும் அதோட டப்பாவத் தொறந்துச்சு. எதுத்தாப்ல எதுத்தாப்ல ஒக்காந்து ரெண்டு பேரும் சாப்புட்டோம். என்ற தட்ட அது பாக்கல. புளிச்சோறு நல்லா இருக்குதுங்கம்மான்னு ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்னுச்சு.

அதுக்கப்பறந்தான் எறங்குச்சு. பத்து மாசத்துல எம்பத்தொம்பது.

ஊட்டுல என்ன பண்ணுனாங்கன்னு கேக்கறயா? காவல் காத்தாங்க. சுவாமிநாதன் தெனமும் காலையில போன் பண்ணுவான், அண்ணி, இன்னைக்கு எம்புட்டு இருக்கறீங்கன்னு. கிட்னி ரெண்டையும் பத்தரமா அவங்கிட்டயே வெச்சுக்கிட்டு என்ற சோத்த எண்றான். இவரு இட்லிய எண்ணுவாரு. ரெண்டு போதுமில்லன்னு கேப்பாரு. ஒடம்பு எப்படி இருக்குது, மயக்கம் கியக்கம் வருதான்னு ஒரு நாளும் கேக்கல. லாரி சர்வீசுக்கு உட்டுட்டு எப்பக் கெடைக்கும்னு கேப்பாங்கல்ல, அந்த மாதிரி.

எம்பத்தொம்பதுல இருந்து திரும்ப ஏறுச்சு. தொண்ணூத்தி மூணு. மறுபடியும் தீவன ரூமு. எதுக்குன்னு எனக்கே தெரியல. அஃபீபா கதவச் சாத்திட்டு, அம்மா, கிட்னி குடுக்கறதுல உங்களுக்கு விருப்பமாங்கன்னு கேட்டுச்சு.

கண்ணு, அத ஒருத்தருங் கேக்கல அது வரைக்கும். பொருந்துதான்னு பாத்தாங்க, எப்ப எறங்கும்னு கேட்டாங்க, பொஞ்சாதின்னா குடுக்காம இருப்பாளான்னு அவங்களே பேசிக்கிட்டாங்க. நானு பைய எடுத்துட்டு எந்திரிச்சேன். அந்தப் புள்ள சொல்லுச்சு, இப்பச் சொல்ல வேண்டாங்கம்மா. விருப்பமில்லன்னா வெளிய யாருக்கும் தெரியாது. எடை எறங்கல, அதனால எடுக்க முடியாதுன்னு டாக்டரு சொல்லிருவாரு, உங்க மேல பழி வராதுன்னுச்சு.

நல்ல புள்ள. எனக்காகத்தான் சொல்லுச்சு. அன்னைக்கு டயாலிசிஸ் இல்ல, நானு மட்டுந்தான் பஸ்ஸுல போயிருந்தேன்; திரும்பி வார வழியெல்லாம் அதே ரோசனை. செரி, இப்படியே உட்டுரலாம், தொண்ணூத்தி மூணுலயே நின்னுக்கலாம், யாரு கேக்கப் போறான்னு நெனச்சுட்டேதான் ஊட்டுக்குள்ள காலு வெச்சேன். அவரு தம்பிகிட்டப் போன்ல பேசிட்டு இருக்காரு. நானு வந்தது தெரியல. அவளுக்கு வாயக் கட்ட முடியலடா, அவ தின்னே என்னையக் கொன்னுருவாங்கறாரு.

சண்டையெல்லாம் போடல. சேலைய மாத்திட்டுக் கோழிக்குத் தண்ணி உடப் போயிட்டேன். ஆனா அன்னைக்கு ஒரு வீம்பு புடிச்சேன் கண்ணு. இன்னைக்கு அஞ்சாவது மாசம். தீவன ரூமுக்குத் தீவனம் எடுக்க மட்டுந்தான் போறேன். நடு ஊட்டுல தட்டப் போட்டு, அவரு பாக்கப் பாக்க ஒக்காந்து சாப்புட்டேன். தெனமும் தோப்பச் சுத்தி நடந்தேன். சித்த முன்னால இங்க எடை பாக்கற ரூமுல தராசுல ஏறி நின்னேன், எம்பத்தி மூணே முக்கா. நர்சு புள்ள ரெண்டாவது தடவையும் ஏத்திப் பாத்துச்சு.

ஆபரேசன் எப்பன்னா கேக்கற? சுவாமிநாதன் நல்ல நாளே பாத்து வெச்சுட்டான், ஆவணியில. கல்யாணத்துக்குக்கூட அவன் இம்புட்டு வேகமா பாக்கல.

ஆபரேசன் இல்ல கண்ணு. நானு குடுக்கல. அதச் சொல்றதுக்குத்தான் இப்ப ஒக்காந்திருக்கறேன்.

ஏன் அப்படிப் பாக்கற. அவரு சாகட்டும்னு நெனைக்கல. செத்தவிய கிட்னிக்குக் காத்திருக்கற லிஸ்ட்டுல அவரு பேரு பதிஞ்சிருக்குது, நானேதான் அலைஞ்சு பதிஞ்சேன். டயாலிசிஸுக்கு வாரம் மூணு நாளும் நாந்தான் காரோட்டிக் கூட்டியாறேன், இனியும் கூட்டியாருவேன். ஆனா எடை எறங்கலன்னு எழுத வேண்டாம்னு அஃபீபாகிட்டச் சொல்லிரணும். எறங்கிருச்சுன்னே எழுதட்டும். எல்லாம் பொருந்துது, ஒடம்புல ஒரு கொறையுமில்ல, அந்தம்மாவுக்கு விருப்பமில்லன்னு எழுதட்டும். அது எம்பட ஒடம்பு சொன்ன பதிலில்ல, நானு சொன்னது.

கூப்புடறாங்க பாரு, பூவாத்தான்னு. இரு, வந்தர்றேன். அவருக்கு ஒரு மணிக்கு டயாலிசிஸ் முடியும், அதுக்குள்ள இங்க முடிச்சுட்டுக் கீழ போகோணும். வண்டியில ஒக்காத்தி வெச்சு, பெல்ட்டப் போட்டு உட்டுட்டு, நானே அவருகிட்டச் சொல்லிருவேன்.